மாப்பிள்ளைக்கு ஒரு கேசட்

“சுடறது வேணுமா, ஓட்டறது வேணுமா, குஸ்தி வேணுமா? சொன்னாத்தானே அண்ணே எடுத்துக் குடுக்க முடியும்?”

கடைக்காரன் கன்னியப்பன் மூன்றாவது தடவையாகக் கேட்டான். கண்ணாடி மேஜைமேல் மஞ்சளும் சிவப்புமாகப் பரப்பியிருந்த கேம் கேசட்டுகளில் பரசுராமன் ஒன்றை எடுப்பார், படத்தைப் பார்ப்பார், வைப்பார், அடுத்ததை எடுப்பார், மறுபடி முதலாவதற்கே வருவார். அவருடைய மழைக்கோட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் கடைக்குள் சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் அந்தக் கடை வாசலில் ஒரு துணி கட்டியிருந்தது. ‘1991 தீபாவளி சிறப்புத் தள்ளுபடி! டி.வி. கேம் செட் வாங்கினால் கேசட் ஒன்று இலவசம்!’ அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ‘ஸ்டாக் உள்ளவரை’. அந்தச் சின்ன எழுத்துதான் பரசுராமனை அவசரப்படுத்தியது. அவர் யோசித்துக்கொண்டிருந்த அரைமணி நேரத்துக்குள் நாலு பேர் வந்து, கை நீட்டி, ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இத்தனைக்கும் அவருக்கு வேலையே பொறுக்கி எடுப்பதுதான். மண்ணூர்ப் பக்கத்தில் பம்பு செய்யும் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன். காலையிலிருந்து சாயங்காலம்வரை புஷ்ஷு என்கிற பித்தளை வளையங்களை அளவுக்கட்டையில் நுழைத்துப் பார்த்து, நல்லதை இந்தத் தட்டிலும் ஆகாததை அந்தத் தட்டிலும் போடுவார். ஒரு புஷ்ஷுக்கு மூன்று விநாடிக்கு மேல் அவர் யோசித்ததே கிடையாது. ஆனால் புஷ்ஷுக்கு மாமியார் கிடையாதே.

அவருடைய சட்டைப்பையில் மகள் காவேரியின் கடிதம் இருந்தது. ஆவணியில் கல்யாணமாகி வில்லிவாக்கம் போனவள். ‘அப்பா, தலை தீபாவளிக்கு மோதிரம், வாட்ச் எதுவும் வேண்டாம். டி.வி.யில் மாட்டி விளையாடுகிற கேம் செட் ஒன்று வாங்கினால் போதும். கேசட் மட்டும் பார்த்து வாங்குங்கள். அத்தை எவ்வளவு கண்டிப்பு என்று உங்களுக்கே தெரியும்.’

நன்றாகவே தெரியும். அத்தை என்றால் மாப்பிள்ளை சிவசங்கரின் அம்மா தாயாரம்மாள். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணப் பத்திரிகையில் இருந்த இரண்டு எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்து, ஓரத்தில் கையெழுத்தும் போட்டுத் திருப்பி அனுப்பியவர். அன்றிலிருந்து அந்த அம்மாளைப் பார்த்தால் பரசுராமனின் கைகள் தாமாகவே மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டுவிடும்.

“மாப்பிள்ள வயசுப் பசங்க எதை வாங்கறாங்க?” என்று கடைசியில் கேட்டார்.

“டாங்கி சண்டைதான். கண்ணை மூடிக்கினு எட்துக்கினு போங்க.”

“பிடிக்கலன்னா?”

“தீபாவளி வரைக்கும் மாத்திக்கலாம். ஆனா நீங்க வர்ற நேரத்துல மேஜைமேல இன்னா கீதோ, அதுலதான் எடுக்கணும். எனக்கு வியாபாரம் கீது அண்ணே, உங்களுக்காக ஒளிச்சு வெக்க முடியாது.”

பரசுராமன் கேம் செட்டோடு டாங்கி சண்டையை வாங்கிக்கொண்டு பென்னலூரிலிருந்த தம் வீட்டுக்கு சைக்கிளை மிதித்தார். வழி நெடுக நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி மறுநாள் கேன்டீன் வரைக்கும்தான் நீடித்தது.

“இன்னா அண்ணே இது?” என்றான் சாம்சன். பக்கத்து லைனில் கடைசல் மெஷின் ஓட்டுகிறவன். உலகத்தில் எதைப் பற்றியும் அவனிடம் ஒரு யோசனை இருக்கும். “புதுசாக் கட்டிக்கினவங்களுக்கு மொத மொத வாங்கித் தர்ற சாமானு சண்டையா?”

“விளையாட்டுதானே சாம்சன்.”

“விளையாட்டுதான். ஆனா நாளைக்கு வூட்ல ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை முத்திச்சின்னு வெச்சுக்கோ. அந்த டீச்சரம்மா இன்னா சொல்லும்? ‘சம்பந்தி வூட்லருந்து வந்ததே சண்டைதானே’ன்னு சொல்லுமா, சொல்லாதா?”

பரசுராமன் கையிலிருந்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். சொல்லும். சிவப்புப் பேனாவாலேயே சொல்லும்.

ஷிப்ட் முடிந்ததும் மழையோடு மழையாகக் கடைத்தெருவுக்குப் போனார். டாங்கியைக் கொடுத்துவிட்டு கார் ரேஸை எடுத்தார். இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று கடை டி.வி.யில் போட்டே பார்த்தார். ஜாய்ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளினால் தானும் இடது பக்கம் சாய்ந்தார். வலது பக்கம் ஒரு பெரிய வளைவு வந்தது. அவர் திரும்பிய வேகத்தில் பின்னால் அடுக்கியிருந்த டார்ச் லைட்டுகள் ஒரு வரிசை பூராவும் உருண்டு விழுந்தன.

“அண்ணே, காரு போதும்ணே. வூட்டுக்குப் போய் ஓட்டுங்க,” என்று கன்னியப்பன் கேசட்டைப் பிடுங்காத குறையாகப் பையில் போட்டான்.

வீட்டில் மனைவி செங்கமலம் அதிரசத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். கேசட்டின் மேலிருந்த படத்தைப் பார்த்தாள். சிவப்புக் கார் ஒன்று தீப்பொறி பறக்க இன்னொரு வண்டிமேல் மோதிக்கொண்டிருந்தது.

“ஏங்க, மாப்பிள்ளையோட அப்பா எப்படிப் போய்ச் சேந்தாரு?”

பரசுராமனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலை. லாரி.

“நல்ல நாளும் அதுவுமா அந்தப் புள்ள முன்னாடி டமார் டமார்னு வண்டி மோதற ஆட்டத்தைப் போடுவீங்களா? அந்தம்மா காதுல விழுந்தா எப்படி இருக்கும்? உங்களுக்கு மனசுன்னு ஒன்னு கீதா இல்லியா?”

“எனக்குத் தோணவே இல்ல, செங்கமலம்.”

“உங்களுக்கு எதுதான் தோணிச்சு? அந்தப் பொண்ணு அங்க காலம் தள்ளணும்ங்க. நாம செய்யற ஒவ்வொன்னுக்கும் அதுதான் பதில் சொல்லணும்.”

இதுதான் பரசுராமனைக் குத்தியது. காவேரி ஒரே பெண். புகுந்த வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று எந்தக் கடிதத்திலும் அவள் எழுதவில்லை. ‘நலம்’ என்று மட்டும் எழுதுவாள். அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு அப்பன் என்னத்தைக் கண்டுபிடிப்பது? சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து நடக்க ஆரம்பித்தார். வாசலுக்கும் அடுக்களைக்குமாக அவர் நடந்த நடையில் செங்கமலத்துக்குத் தலை சுற்றியது.

சனிக்கிழமை மறுபடியும் கடை. மேஜையில் பாதி காலி. டாங்கி சண்டையையே திரும்ப எடுத்துக்கொண்டால் என்ன என்று ஒரு விநாடி தோன்றியது.

“டாங்கியா? நீங்க குடுத்துட்டுப் போன அஞ்சாவது நிமிசமே போச்சு அண்ணே. இப்ப குஸ்தி கீது, சீட்டாட்டம் கீது, அப்புறம் இதோ, ஓரத்துல ஒன்னு கீது. அது வேணாம் உங்களுக்கு.”

சீட்டாட்டத்தைத் தொடவே பரசுராமனுக்குப் பயமாக இருந்தது. குஸ்தியில் லாரி இல்லை. துப்பாக்கி இல்லை. ஆரோக்கியமான விஷயம். தேகப்பயிற்சி என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. செங்கமலம் மாவு அரைக்க மெஷினுக்குப் போயிருந்தாள். எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று தம் வீட்டு கறுப்பு வெள்ளை டி.வி.யில் பரசுராமன் செட்டை மாட்டினார். வெளிச்சத்தில் படம் சரியாகத் தெரியவில்லை. ஜன்னல்களையெல்லாம் சாத்தினார். கதவை ஒருக்களித்து வைத்தார். திரையில் ஜட்டி மட்டும் போட்ட இரண்டு பேர் தோன்றி ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து உருளத் தொடங்கினார்கள்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ராஜம்மா மாவு சல்லடை கேட்டு வந்தாள்.

“இன்னா அண்ணே, பட்டப்பகல்ல ஜன்னலெல்லாம் சாத்திக்கினு?”

“ஒன்னுமில்லம்மா. மாப்பிள்ளைக்குன்னு ஒரு கேசட் வாங்கினேன். நல்லா கீதான்னு போட்டுப் பாக்கறேன்.”

ராஜம்மா கதவிடுக்கு வழியாகத் தலையை நீட்டினாள். கறுப்பு வெள்ளையில், புள்ளி புள்ளியாக, ஒருவர்மேல் ஒருவர். சட்டென்று தலையை வெளியே இழுத்துக்கொண்டாள்.

“மாப்பிள்ளையா கேட்டாரு?”

“ஆமா. மோதிரம் வேணாம், வாட்ச் வேணாம், இது மட்டும் போதும்னுட்டாரு. தங்கமான புள்ள.”

ராஜம்மா சல்லடை வாங்காமலே போய்விட்டாள். அப்போதாவது பரசுராமனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் தெருக்குழாய்க்குத் தண்ணீருக்குப் போன செங்கமலம் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். முகம் மிளகாய்ப் பழம்போல் சிவந்திருந்தது.

“நம்ம வூட்ல இன்னாங்க படம் ஓட்டினீங்க?”

“படமா? கேமு.”

“தெருவே சிரிக்குது! பரசுராமன் ஜன்னலைச் சாத்திக்கினு கண்ட படம் பாக்கறாராம். அதுவும் மாப்பிள்ளைக்கு வாங்கினதாம். ‘உன் மருமவனுக்கு ரொம்ப ரசனை செங்கமலம்’னு அந்த ராஜம்மா கேக்கறா. நான் மூஞ்சிய எங்க கொண்டு போய் வெச்சுக்கறது?”

பரசுராமன் கேசட்டை எடுத்துக்கொண்டு ராஜம்மா வீட்டுக்கு ஓடினார், நிரூபித்துக் காட்ட. அவர் கையில் கேசட்டோடு வருவதைப் பார்த்ததும் ராஜம்மாவின் புருஷன் எழுந்து நின்று, “அண்ணே, வூட்ல பொம்பளைங்க கீறாங்க. அதெல்லாம் வாணாம். நாளைக்கு ராஜம்மா கோயிலுக்குப் போவா, அப்பக் கொண்டாங்க,” என்று காதோடு சொன்னார்.

திங்கட்கிழமை, தீபாவளிக்கு முந்தின நாள். அரைநாள் ஷிப்ட். பரசுராமனின் கைகள் புஷ்ஷுகளை அளந்தன, மனம் கன்னியப்பன் கடை மேஜையை அளந்துகொண்டிருந்தது. எட்டரை மணிக்கு டைம் ஆபீஸ் கிளார்க் இராமச்சந்திரன் வந்து தோளைத் தட்டினார்.

“பரசு, உன் பொண்ணு வூட்லருந்து போனு. நாளைக்குக் காலைல மாப்பிள்ளை, பொண்ணுகூட அவங்க அம்மாவும் வராங்களாம்.”

“யாரோட அம்மா?”

“மாப்பிள்ளையோட அம்மாப்பா. அவங்களேதான் பேசினாங்க.”

பரசுராமன் கையிலிருந்த புஷ்ஷு கீழே விழுந்து உருண்டது. தலை தீபாவளிக்கு மாமியாரும் கூட வருவது எந்த ஊரில் உண்டு?

“வேற இன்னா சொன்னாங்க?”

“கேமு வாங்கியாச்சான்னு கேட்டாங்க. இன்னா கேசட்னு கேட்டாங்க. எனக்கு இன்னாப்பா தெரியும்? ‘பார்த்து வாங்கியிருப்பாருன்னு நம்பறேன்’னு சொல்லி வெச்சுட்டாங்க. யப்பா, எனக்கே எழுந்து நின்னு பேசணும்போல ஆயிடுச்சு.”

பரசுராமனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. விஷயம் அந்த அம்மாள் காதுக்குப் போய்விட்டது. வேலைக்குப் போகும் பிள்ளை, விளையாட்டுச் சாமான் கேட்டிருக்கிறான். சம்பந்தி யோசனையில்லாமல் வாங்கித் தருகிறார். இதை நேரில் பார்த்து, சுழித்து, கையெழுத்துப் போடத்தான் வருகிறார். குஸ்தி கேசட்டை நினைத்தபோது அவருக்குக் காது மடல் சுட்டது.

அடுத்த அரைமணி நேரத்தில் அவர் நல்ல புஷ்ஷுகளை ஆகாத தட்டிலும் ஆகாததை நல்ல தட்டிலும் ஒழுங்காக, ஒன்று தவறாமல் மாற்றிப் போட்டிருந்தார். சூப்பர்வைசர் ரெண்டு தட்டையும் பார்த்தார், பரசுராமனைப் பார்த்தார். “இன்னாய்யா, உடம்பு சரியில்லயா?” என்று கேட்டு, ஒரு ஓரமாக உட்கார வைத்தார். சாம்சன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

“எல்லாம் உன்னாலதான் சாம்சன்.”

“நான் இன்னா அண்ணே பண்ணேன்? வுடு. யோசிப்போம். அந்தம்மா இன்னா டீச்சரு?”

“கணக்கு.”

சாம்சன் கண்ணை மூடினான், திறந்தான். “அவ்ளோதான். கணக்கு கேசட் ஒன்னு வாங்கிடு.”

“அப்படி ஒன்னு கீதா?”

“டி.வி.லயே கூட்டல் கழித்தல் போடற கேசட்டு. கன்னியப்பன் கடைல ஓரமாக் கீறதை நான் பாத்துக்கீறேன். ஒருத்தனும் சீந்த மாட்டான். அந்தம்மாவைத் தவிர. யோசிச்சுப் பாரு அண்ணே. பையன் கேட்டது கேமு, அம்மா பாக்கறது கணக்கு. ‘சம்பந்தின்னா இவருதான்’ன்னு சொல்லிடும்.”

ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனதுபோல் இருந்தது பரசுராமனுக்கு. சங்கு ஊதியதும் சைக்கிளை மிதித்த மிதியில் செயின் இரண்டு தடவை கழன்றது. கடைக்குள் ஓடினார். மேஜைமேல் இரண்டே இரண்டு மிச்சம். சீட்டாட்டம். ஓரத்தில், அட்டை வெளுத்துப்போய், எண்களோடு குரங்கு ஒன்று சிரித்துக்கொண்டிருந்த கணக்கு கேசட்.

“அதையா?” கன்னியப்பன் நிஜமாகவே பதறினான். “அண்ணே, நான் வியாபாரி. யார் தலைல எதைக் கட்டினாலும் எனக்கு லாபம். நானே சொல்றேன், அது வாணாம். ஆறு மாசமாத் தூசு தட்டிக்கினு கீறேன்.”

“குடு கன்னியப்பா.”

“நாளைக்குக் கடை லீவு. அப்புறம் மாத்தித் தரமாட்டேன்.”

“மாத்த வேண்டிய வேலையே இல்ல,” என்றார் பரசுராமன். ஒரு வாரத்தில் அவர் மூன்று விநாடிக்குள் எடுத்த ஒரே முடிவு அதுதான்.

தீபாவளியன்று காலை எட்டு மணிக்கு மூவரும் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். காவேரி கொஞ்சம் சதை போட்டிருந்தாள். மாப்பிள்ளை சிவசங்கர், “மாமா, நல்லா இருக்கீங்களா?” என்று சிரித்தான். பின்னால் மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், தோல் கைப்பையோடு தாயாரம்மாள். பரசுராமனின் கைகள் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டன.

“வாங்க சம்பந்தியம்மா. ஒடம்பு சௌக்கியமா?” என்று செங்கமலம் வரவேற்றாள்.

“சௌக்கியம். டி.வி. எங்க இருக்கு?” என்றார் அந்த அம்மாள்.

செங்கமலமும் பரசுராமனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உள்ளாறங்க. சின்னதுதான். கலர் இல்லீங்க,” என்றார் பரசுராமன்.

“பரவாயில்லை.”

இட்லியும் கறிக்குழம்பும் பரிமாறினார்கள். மாப்பிள்ளை எட்டு இட்லி சாப்பிட்டான். தாயாரம்மாள் இரண்டோடு கையைக் கழுவிவிட்டார்.

“இன்னும் ரெண்டு வெச்சுக்கோங்க சம்பந்தியம்மா.”

“அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல அந்தப் பெட்டியைப் பிரிங்க.”

சோதனை ஆரம்பமாகிவிட்டது என்று பரசுராமன் நினைத்தார். ஆனால் பயம் இல்லை. மனப்பாடம் செய்துவிட்ட பையன் பரீட்சை ஹாலுக்குள் நுழைவதுபோல் நிமிர்ந்து நடந்தார். தாம்பாளத்தில் வேட்டி, சட்டை, பழத்தோடு கேம் பெட்டியை வைத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார். சிவசங்கர் விழுந்து கும்பிட்டு வாங்கிக்கொண்டு, உடனே செட்டை மாட்ட உட்கார்ந்தான். தாயாரம்மாள் நாற்காலியை இழுத்து டி.வி.க்கு மூன்றடி தூரத்தில் போட்டு அமர்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பத்து விரல்களையும் சொடுக்கெடுத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எட்டாம் வகுப்பில் பிரம்பெடுக்குமுன் சொடுக்கெடுக்கும் வாத்தியார் பரசுராமனின் ஞாபகத்துக்கு வந்தார்.

திரை மினுங்கியது. சின்ன இசை ஒன்று கேட்டது. குரங்கு ஒன்று குதித்து வந்து, ஒரு பலகையைத் தூக்கிக் காட்டியது. ஏழும் ஐந்தும் எத்தனை?

சிவசங்கர் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி அப்படியே உறைந்துவிட்டான். மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தான். காவேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைப் பக்கம் நகர்ந்தாள்.

“கணக்குங்கம்மா,” என்றார் பரசுராமன் பெருமையோடு. “கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் கீதுங்க. சண்டை, ரேஸு, அது இதுன்னு என்னென்னமோ இருந்துச்சு. எல்லாத்தையும் வேணாம்னு தள்ளிட்டு, தேடிப் புடிச்சு வாங்கினேன். உங்களுக்குப் புடிக்கணுமேன்னுதான்.”

தாயாரம்மாள் குரங்கைப் பார்த்தார். குரங்கு விடை கேட்டு மறுபடி குதித்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் ஒரு தடவைகூடக் கேட்டிராத குரலில், கிட்டத்தட்ட அழுதுவிடுவதுபோல் சொன்னார்:

“காவேரியை லெட்டர் எழுதச் சொன்னதே நான்தான் சம்பந்தி. முப்பது வருஷமா கணக்குதான் போட்டுக்கிட்டு இருக்கேன், லீவு நாள்லயாவது யாரையாவது சுட்டுத் தள்ளலாம்னு ரெண்டு பஸ் மாறி வந்தேனே!”